புதுப் போனும் யாரோ ஒருத்தர் பேர்ல இருந்த சிம்மும்

"புதுப் போன் எப்படி இருக்கு?" என்று வகுப்பில் ஆளாளுக்குக் கேட்டு, நானும் "ம்ம், இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வாங்கி மூணு வாரம் ஆகியும் ஜிபே வரலையா, இன்னும் எங்ககிட்ட காசு கொடுத்து அனுப்பச் சொல்றியே என்று கிண்டல் வேறு. மொத்தமாக எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலிலேயே ஒன்று. போன் நல்ல போன். டப்பாவுக்குள் செங்கல் வரவில்லை, சோப்புக்கட்டி வரவில்லை. விற்றவர் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இந்தக் கதையில் தப்பு செய்தது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தர் யாரென்று கடைசி வரை தெரியாது.

2025 செப்டம்பர் கடைசியில் தீபாவளித் தள்ளுபடி ஆரம்பித்தது ஞாபகம் இருக்கும். அதே வாரம், செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்தது. டிவிக்கும் ஏசிக்கும் 28-லிருந்து 18-ஆக இறங்கியது. போன் மட்டும் ஏற்கனவே இருந்த 18-லேயே நின்றுவிட்டது. (2020 ஏப்ரலுக்கு முன்னால் போனுக்கு 12 சதவீதம்தான். வரி பாடம் எடுக்கும் மேடம் படித்தால் இந்த அடைப்புக்குறிக்கு ஒரு மார்க் போடவும்.) ஆக அரசாங்கம் எனக்குக் குறைக்கவில்லை, கடைக்காரர்தான் குறைத்தார். 10,499 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரத்தை முதல் வருஷத்திலிருந்து தொடாமல் சேர்த்த பணம். தொடாமல் என்றால்... இரண்டு மூன்று தடவை தொட்டேன். :-)

அதுவரை வைத்திருந்தது மாமா பையன் கழித்துக்கட்டிய போன். திரையில் சிலந்தி வலை, சார்ஜ் பாதி நாள், ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பு. யுபிஐ ஆப் எதுவும் அதில் ஏறாது. அதனால் கேன்டீனில் எல்லாரும் ஸ்கேன் பண்ணும்போது நான் மட்டும் பத்து ரூபாய்த் தாளோடு நிற்பேன். சில்லறை இல்லை என்று மாஸ்டர் முறைப்பார். போன் வாங்கியதற்கு முக்கியக் காரணம் கேமராவும் இல்லை, 5ஜியும் இல்லை. அந்த முறைப்புதான்.

அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி லீவுக்கு உசிலம்பட்டி வந்திருந்தேன். டெலிவரி அண்ணன் வாசலில் நின்று "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றார். ஓடிபி வந்தது அம்மாவின் பட்டன் போனுக்கு. எங்கள் வீட்டில் எல்லாமே அந்த நம்பருக்குத்தான் வரும்.

அந்த நம்பரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2012-ல் அப்பா வாங்கியது. அம்மா வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்ட வருஷம். முன்னால் தொங்கும் தகரப் போர்டில் 'இங்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துத் தரப்படும்', கீழே அந்தப் பத்து எண்கள். நான் பதினொன்றாம் வகுப்பில் பேங்க் அக்கவுண்ட் ஆரம்பித்தபோது கொடுத்தது அதுதான். மூணு பேர் ஆதாரிலும் அதுதான். கேஸ் புக்கிங், அம்மாவின் மகளிர் குழு, பள்ளிக்கூடத்து ஈமிஸ், காலேஜ் யூமிஸ், எல்லாம் அதுதான். ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக வீட்டில் பத்திரமாக இருந்தது அந்தப் பட்டன் போன். மழை பெய்தால் அம்மா முதலில் துணிகளை உள்ளே எடுப்பார், அடுத்து போனை, அப்புறம்தான் என்னைக் கூப்பிடுவார்.

எனக்கென்று தனி சிம்மும் உண்டு. காலேஜ் சேர்ந்தபோது என் ஆதாரைக் காட்டி வாங்கியது. நெட்டுக்கும் வாட்ஸப்புக்கும் அதுதான். பேங்க்கில் மட்டும் நம்பரை மாற்றவில்லை. கிளைக்குப் போய் ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்தால் முடிகிற வேலை. கிளை உசிலம்பட்டியில், நான் வார நாளில் மதுரையில். 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். இந்தச் சோம்பேறித்தனத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

டப்பாவைப் பிரித்ததும் சமர்த்தாக எல்லாம் செய்தேன். ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடித்து, வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை டப்பாவில் இருப்பதோடு ஒப்பிட்டேன். கேஒய்எம் என்று அடித்து அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்தக் கம்பெனி, எந்த மாடல், திருட்டுப் போன் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். அதுவும் சரியாக வந்தது. கூகுள் கணக்கு உள்ளே வரும்போது "நீதானா?" என்று பழைய போனில் கேட்டது. நான்தான் என்றேன். பத்து நிமிஷத்தில் போன் தயார். அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு, கீழ போட்டுறாத பாப்பா" என்றார். அவ்வளவுதான் அவருடைய மதிப்புரை.

ராத்திரி யுபிஐ. தெரியாதவர்களுக்கு: அந்த ஆப் நம் நம்பரைக் கேட்டு ஓடிபி அனுப்புவதோடு நிற்காது. போனுக்குள் இருக்கிற சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். அந்த எஸ்எம்எஸ் எந்த நம்பரிலிருந்து வருகிறது என்று பார்த்து, பேங்க்கில் பதிந்த நம்பரோடு பொருந்தினால்தான் போனையும் அக்கவுண்டையும் முடிச்சுப் போடும். யாராவது உங்களிடம் ஓடிபியைப் பேசி வாங்கிவிட்டால் மட்டும் போதாது, சிம்மும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தடை. பேங்க்கில் இருப்பது அம்மா நம்பர், என் போனில் இருப்பது என் நம்பர்.

சரி, திங்கட்கிழமை பேங்க்குக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மூளை ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. அம்மா சிம்மைக் கழற்றி என் போனின் இரண்டாவது துளையில் பத்து நிமிஷம் போட்டு, யுபிஐயைப் பதிந்துவிட்டு, திரும்ப பட்டன் போனில் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை.

பட்டன் போனின் முதுகைத் திறந்தால் உள்ளே இருந்தது அந்தக் காலத்துப் பெரிய சிம். 25 மில்லிமீட்டர் நீளம், 15 அகலம். என் போனுக்கு வேண்டியது நானோ: 12.3 நீளம், 8.8 அகலம்.

சனிக்கிழமை காலை அம்மாவிடம் "ஒரு அரை மணி நேரம் போன் வேணும்மா" என்று மட்டும் சொல்லி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். அண்ணன் பார்த்தார். "ஷோரூம்ல போய் மாத்தணும்னா பேரு வச்சிருக்கவங்க வரணும், நாளாகும். வெட்டிப் போட்டா அஞ்சு நிமிசம். இருபது ரூவா" என்றார். வேலை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் சட்டம் தருகிறேன், அதில் வைத்துத் திரும்பப் பழைய போனில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவி. டக் என்று ஒரு சத்தம்.

பழைய சிம்மில் அந்தத் தங்க நிறத் தகடே பெரியது, நானோ அளவுக்கு வெட்டினால் தகட்டின் ஓரமும் போகும். கனமும் கூட: பழையது 0.76 மில்லிமீட்டர், நானோ 0.67. அண்ணன் பின்பக்கத்தை உப்புத்தாளில் கொஞ்சம் தேய்த்துத்தான் உள்ளே தள்ளினார். இதெல்லாம் நான் பிற்பாடு தேடிப் படித்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். திரையில் சிக்னல் வந்தது, பக்கத்தில் 'ஈ' என்று ஒரு எழுத்து. எனக்கு ஒரே சந்தோஷம். ஆப்பைத் திறந்து, எஸ்எம்எஸ் போய், வட்டம் சுற்றிச் சுற்றி... 'சிம் கார்டு இல்லை'.

கழற்றிப் போட்டோம். துடைத்துப் போட்டோம். அண்ணன் அழிரப்பரால் தேய்த்துப் போட்டார். சட்டத்தில் வைத்துப் பட்டன் போனில் போட்டோம். 'இன்சர்ட் சிம்'. அண்ணன் இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கும்போதுதான் எனக்கு அடி வயிறு கலங்கியது. அந்தத் தொழிலில் இருப்பவர் காசைத் திருப்பித் தருகிறார் என்றால் இனி வழியில்லை என்று அர்த்தம்.

அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மிஷினில் உட்கார்ந்தபடியே "நம்பரெல்லாம் அதுல தானத்தா இருந்துச்சு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பட்டன் போனில் எல்லாப் பெயர்களையும் சிம்மிலேயே சேமித்து வைத்திருக்கிறார். பதிமூணு வருஷத்து வாடிக்கையாளர்கள். அளவு நோட்டு இருக்கிறது. அதில் 'மேட்டுத்தெரு டீச்சர்: தோள் 14, கை 9' என்று இருக்கும். நம்பர் இருக்காது, நம்பருக்குத்தான் போன் இருக்கிறதே. தீபாவளி அக்டோபர் 20. இன்னும் பதினாறு நாள். வருஷத்தில் அம்மாவுக்கு வருகிற வருமானத்தில் பெரிய பங்கு இந்தப் பதினாறு நாளில்தான். 'ஜாக்கெட் ரெடியா?', 'கழுத்து கொஞ்சம் இறக்கி வையுங்க', 'இன்னும் ரெண்டு கொடுத்து விடுறேன்' என்று எல்லாம் போனில்தான் நடக்கும்.

மூன்றாவது செமஸ்டரில் குட்வில் பாடம் படித்தோம். நாமே உருவாக்கிக்கொண்ட நற்பெயரைச் சொத்து என்று கணக்கில் காட்டக் கூடாது, கணக்கியல் தரம் 26 அப்படித்தான் சொல்கிறது. நம்பகமாக அளக்க முடியாதாம். பரீட்சையில் நான் அதைச் சரியாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். 10,499 ரூபாய் போன் கணக்கில் சொத்து. அம்மாவின் நம்பர் கணக்கிலேயே கிடையாது.

ஞாயிறு முழுக்க யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. திங்கட்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அரப்பாளையத்தில் இறங்கி, டவுன்ஹால் ரோடு பக்கம் அந்தக் கம்பெனியின் ஷோரூம். அப்பா துவைத்த வெள்ளைச் சட்டை, பையில் ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ. (2024 ஜனவரியிலிருந்து சிம்முக்குக் காகித ஃபார்ம் கிடையாது, எல்லாம் டிஜிட்டல், போட்டோவை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள் என்று பஸ்ஸில் சொன்னேன். "இருக்கட்டும், கேட்டா குடுப்போம்" என்றார்.) டோக்கன் எடுத்து முக்கால் மணி நேரம். கவுண்டரில் இருந்த பெண் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் ஆதாரைப் பார்த்தார். மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"சார், இது உங்க பேர்ல இல்லையே."

"என் பேர்ல தாம்மா இருக்கு. நாந்தான வாங்குனேன்."

"இல்ல சார். வேற பேரு. ஊரும் வேற."

யார் பேர் என்று கேட்டோம். சொல்லக் கூடாது என்றார். பதிமூணு வருஷமா நாங்கதானே வச்சிருக்கோம், ரீசார்ஜ் பண்ணியிருக்கோம், ஆதார்ல இருக்கு, பேங்க்ல இருக்கு என்று நான் வரிசையாகச் சொன்னேன். அந்த அக்கா பொறுமையாகக் கேட்டார். பேர் இருக்கிறவர் நேரில் வந்தால் புது சிம் கிடைக்கும், அவர் சம்மதித்தால் உங்கள் பேருக்கு மாற்றலாம், அவர் இல்லாமல் எதுவும் முடியாது. கஸ்டமர் கேரிலும் இதே பதில்தான். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சிம் காணோம் என்று எவனாவது வந்து நின்று, உங்கள் நம்பரை அவன் பேருக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் சரிதான் என்று படுகிறது. அன்றைக்குப் படவில்லை. அன்றைக்கு நான் கவுண்டர் முன்னால் அழுதேன். இதை வகுப்பில் யாரும் கிளற வேண்டாம்.

வெளியே வந்து டீக்கடையில் அப்பா மெதுவாக யோசித்து யோசித்துச் சொன்னார். 2012-ல் பஸ் ஸ்டாண்டு வாசலில் பெரிய குடை போட்டு சிம் விற்பார்கள். சிம் இலவசம், பேசுவதற்குக் காசும் உள்ளேயே இருக்கும். ஒரு போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுத்தார். எங்கேயோ கையெழுத்துப் போட்டார். "ஒரு மணி நேரத்துல வேலை செய்யும்ணே" என்றான் அந்தப் பையன். செய்தது. அதற்குமேல் ஒருத்தர் என்ன பார்ப்பார்?

நடந்தது இப்படி இருக்கலாம். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பையனுக்கு நாளைக்கு இத்தனை சிம் என்று இலக்கு. காலையிலேயே யாரோ கொடுத்த ஜெராக்ஸை வைத்து நாலைந்து சிம்மை உயிர்ப்பித்து வைத்துக்கொள்வான். அப்பா வந்தபோது ஏற்கனவே உயிரோடு இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பான். இப்படி முன்கூட்டி உயிர்ப்பித்த சிம்மை விற்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2012-லேயே கடுமையாகச் சொல்லிவிட்டது. சொல்லிய வருஷமும் நாங்கள் வாங்கிய வருஷமும் ஒன்று!

இத்தனை வருஷம் எப்படி மாட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 2017-ல் எல்லா நம்பரையும் ஆதாரோடு இணைக்கச் சொல்லி எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ் வந்ததே, அப்போது போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்பா 'போவோம் போவோம்' என்று தள்ளிப்போட்டார் (என் சோம்பேறித்தனம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறதா). கெடு தள்ளிக்கொண்டே போய், 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் அந்தச் சுற்றறிக்கையையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இணைக்காதவர்கள் தப்பித்தோம் என்று அப்பாவின் ஸ்டாண்டில் ஸ்வீட் வாங்கினார்களாம்.

பிசினஸ் லா படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். பொருள் விற்பனைச் சட்டம் 27-ம் பிரிவு. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. போன் நம்பர் சட்டப்படி நம் சொத்தே இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் குடைக்குக் கீழே நின்ற பையன் கொடுத்தது என்னவோ அதுதான். அவனிடம் இல்லாத ஒன்று.

பஸ்ஸில் திரும்பும்போது இன்னொன்று உறைத்தது. அந்தப் பேர் தெரியாத ஆள், அவர் நல்லவரோ கெட்டவரோ, இத்தனை வருஷத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் ஷோரூமுக்குப் போய் 'சிம் தொலைஞ்சு போச்சு' என்று சொல்லி எங்கள் நம்பரைத் தன் கைக்குக் கொண்டுபோயிருக்கலாம். சட்டப்படி அவருடையதுதான். எங்கள் பேங்க் ஓடிபி எல்லாம் அவருக்குப் போயிருக்கும். நாங்கள் பூட்டு என்று நினைத்துக்கொண்டிருந்ததன் சாவி யாரோ ஒருவர் பெயரில் இருந்திருக்கிறது. அவருக்கே அது தெரியாமல் இருந்ததால் தப்பித்தோம்.

அதற்கப்புறம் அலைச்சல்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அம்மா பேரிலேயே புது சிம். நம்பரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், பழைய நம்பரின் கடைசி மூன்று எண்ணாவது வருகிற மாதிரி ஒன்று கிடைத்தது. பேங்க்கில் நம்பர் மாற்ற ஃபார்ம், பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், மேனேஜர் கையெழுத்து: மொத்தம் நாற்பது நிமிஷம். இரண்டு வருஷம் தள்ளிப்போட்ட வேலை, நாற்பது நிமிஷம்! ஆதாரில் மொபைல் நம்பர் மாற்ற போஸ்ட் ஆபீஸ். தலைக்கு 75 ரூபாய், அக்டோபர் 1-ம் தேதிதான் 50-லிருந்து ஏற்றியிருந்தார்கள், எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி. அவசரம் வேறு. துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள் என்று 2023 நவம்பரில் டிராய் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. அந்தப் புது ஆள் கைக்குப் போவதற்குள் எல்லா இடத்திலும் நம் நம்பரை எடுத்துவிட வேண்டும். எங்கெங்கே கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பதினேழு இடம் வந்தது.

வாடிக்கையாளர்கள் விஷயத்துக்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. துண்டுச் சீட்டில் புது நம்பரை எழுதி, தைத்து முடித்த ஒவ்வொரு ஜாக்கெட்டுக்குள்ளும் அம்மா வைத்தார். நான் சனி, ஞாயிறு சைக்கிளில் மேட்டுத்தெரு, பேரையூர் ரோடு என்று வீடு வீடாகப் போனேன். "நாலு நாளா அடிக்கிறோம், சுவிச் ஆஃப்னு வருது, ஊருக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சு வேற எடத்துல குடுத்துட்டோம்மா" என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். அதில் ஒன்று மேட்டுத்தெரு டீச்சர். வீட்டில் இரண்டு கல்யாண வயதுப் பெண்கள், தீபாவளிக்கு மட்டும் ஒன்பது ஜாக்கெட் கொடுப்பவர். அம்மாவிடம் சொன்னபோது "சரி விடு, அவுக என்ன பண்ணுவாக" என்று நூலைக் கோத்தார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். அக்டோபர் 12 ராத்திரி, எதற்கும் பார்த்துவிடலாம் என்று அப்பாவின் ஆட்டோ நம்பரைப் போட்டு சஞ்சார் சாத்தி தளத்துக்குள் போனேன். நம் பேரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று அதில் காட்டும். ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. அப்பா பேரில் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று.

இரண்டு காட்டியது.

இரண்டாவது நம்பர் முழுதாகத் தெரியாது, சில இலக்கங்களை மறைத்திருந்தது. அப்பாவுக்குத் தெரிந்த எந்த நம்பரும் இல்லை. 2012-ல் அப்பா கொடுத்த போட்டோவும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் எங்கே போயிருக்கும் என்று அந்த நிமிஷம் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. யாரோ ஒருவர் பேர் எங்களுக்கு வந்த மாதிரி, அப்பாவின் பேர் யாருக்கோ போயிருக்கிறது.

பக்கத்திலேயே மூன்று பட்டன். 'என் நம்பர் இல்லை', 'தேவையில்லை', 'தேவை'. முதலாவதை அழுத்தினால் கம்பெனி அந்த ஆளிடம் மறுபடி ஆவணம் கேட்கும். தர முடியாவிட்டால் துண்டித்துவிடும். நான் விரலைக் கொண்டுபோய்விட்டேன்.

"இரு" என்றார் அம்மா. "அதுல யாரு இருக்காகளோ."

நான் சட்டம் பேசினேன். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஆள்மாறாட்டம் பண்ணி சிம் வாங்கினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பது லட்சம் வரை அபராதம். அந்த நம்பரிலிருந்து யாராவது போலீஸ் என்று சொல்லி வீடியோ கால் பண்ணி ஒரு பெரியவரிடம் பணம் பறித்தால், முதலில் தேடி வருவது அப்பாவைத்தான். நாளைக்கு ஸ்டேஷனில் போய் 'குடைக்குக் கீழே வாங்கினோம்' என்று சொல்ல முடியுமா?

"அதெல்லாம் சரிதான். களவாணியா இருந்தா இந்நேரம் வந்திருக்காதா? பதிமூணு வருசமா ஒண்ணும் வரலையே" என்றார் அம்மா. "நம்மள மாதிரி ஒருத்தி போர்டுல எழுதித் தொங்க விட்டிருந்தா?"

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எட்டு நாள்தான் இருக்கு. தீவாளி முடியட்டும்" என்றார்.

எனக்கு இது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. அந்த எட்டு நாளில் ஏதாவது நடந்திருந்தால் அப்பாதான் மாட்டியிருப்பார். தினமும் காலையில் எழுந்ததும் எனக்குப் பயம்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க மூணு வீடு ஏறி இறங்கி 'வேற எடத்துல குடுத்துட்டோம்' என்று கேட்டு வந்தவளும் நான்தான். அதனால் நானும் அழுத்தவில்லை.

தீபாவளி முடிந்து, அக்டோபர் 26 ஞாயிற்றுக்கிழமை, அப்பாவே போனை வாங்கி அழுத்தினார். அவர் விரல் தடிமனுக்கு இரண்டு தடவை தப்பாகப் பட்டது. புகார் எண் ஒன்று வந்தது. நவம்பர் பாதியில் பார்த்தபோது பட்டியலில் ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. அங்கே யாரோ ஒரு ஷோரூமில் நின்று, 'நாந்தானே வாங்குனேன்' என்று சொல்லியிருப்பார்.

யுபிஐ வந்துவிட்டது. புதுப் போன் என்பதால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது என்று எச்சரித்தது. அந்தத் தொகை என் அக்கவுண்டில் இருந்தால்தானே! முதல் முதலில் அனுப்பியது போர்டு எழுதும் அண்ணனுக்கு, 350 ரூபாய். கேன்டீன் மாஸ்டர் வரிசையில் இரண்டாவது.

மேட்டுத்தெரு டீச்சர் பொங்கலுக்குத் துணி கொடுத்துவிட்டார். ஒன்பது இல்லை, நாலு.

நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். ஒன்றும் படிக்கவில்லை. கிளம்புகிறேன்.